வார்னிஷுக்கு அடியில் மரம் தெரிய வேண்டும்

தக்கலையிலிருந்து களியக்காவிளை வழியாகப் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எல்லையின் இரண்டு பக்கமும் வீடு கட்டுகிறவர்களுக்கு மரம் தெரியும். நிலைக்குத் தேக்கு, கதவுக்குப் பலா, மச்சுக்கு அயனி என்று தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள். பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வருஷம் போகப் போகச் சிவந்து பழுப்பேறும் என்பது அங்கே எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. இப்படிப்பட்டவர்களிடம் வீட்டின் திரீடி படத்தைக் காட்டினால், முன்கதவு பொய் என்பதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். என்ன தப்பு என்று தொழில்பாஷையில் சொல்ல வராது. "மைக்கா ஒட்டுன மாதிரில்லா இருக்கு" என்பார்கள். அதைவிடச் சரியான விமர்சனத்தை ஒரு ரெண்டர் நிபுணராலும் சொல்ல முடியாது.

மைக்கா என்பது என்ன? மர உருவம் அச்சடித்த காகிதம், அதன்மேல் இறுகிய பிசின். திரீடி படத்தில் மர மெட்டீரியல் (பொருளின் மேற்பரப்பு ஒளிக்கு எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) என்று பலரும் செய்வதும் அதுவேதான்: ஒரு மரப் புகைப்படம், அதன்மேல் கொஞ்சம் பளபளப்பு. ரஃப்னெஸ் (சொரசொரப்பு) எண்ணை 0.2-லிருந்து 0.1-க்கு இறக்கினால் அது இன்னும் பளபளப்பான மைக்காவாகும், மரமாகாது. வார்னிஷ் போட்ட மரத்தின் மேற்பரப்பும் மைக்காவின் மேற்பரப்பும் ஒளிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டும் தெளிந்த பிசின். அந்தப் படலத்துக்குக் கீழே போன ஒளி என்ன ஆகிறது என்பதில்தான் மரம் இருக்கிறது. ஆகவே கீழிருந்து தொடங்குவோம். மேற்பூச்சு பிறகு.

எண்களையும் பெயர்களையும் பிளெண்டர் என்ற திரீடி மென்பொருளின் 4.0-க்குப் பிந்தைய பதிப்பில், மெட்டீரியல் செய்யும் பெட்டியான பிரின்சிபிள்டு நோடை வைத்துச் சொல்கிறேன். பழைய பதிப்பில் 'கிளியர்கோட்' என்று இருந்த மேற்பூச்சு இதில் 'கோட்' ஆகிவிட்டது. ஆர்னால்டு, வி-ரே, கொரோனா போன்ற வேறு ரெண்டர் மென்பொருள் பழகியவர்களுக்குப் பெயர்தான் மாறும், கணக்கு மாறாது.

நிறம் ஏன் இருளுகிறது

பாலிஷ் போடும் முன் ஆசாரிமார் இழைத்த பலகையில் ஈரத்துணியாலோ ஸ்பிரிட்டாலோ ஒரு துடை துடைத்துப் பார்ப்பார்கள். வெளிறியிருந்த பலகை சட்டென்று இருண்டு, நிறம் கூடி, ரேகை எழுந்து வரும். பாலிஷ் போட்டால் மரம் எப்படி இருக்கும் என்பதை அந்த ஈரம் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. காய்ந்ததும் பழைய வெளிறல் திரும்பிவிடும். இந்த மாற்றத்தைத்தான் நம்முடைய மெட்டீரியலும் செய்ய வேண்டும். பெரும்பாலான மெட்டீரியல்கள் இதைச் செய்வதில்லை. வெளிறிய பலகையின் படத்தை அப்படியே வைத்து மேலே 'கோட்' மதிப்பை 1.0 ஆக்கிவிடுகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்த காய்ந்த பலகை போலத் தெரிகிறது.

காரணம் படலத்தின் உட்பக்கத்தில் இருக்கிறது. வார்னிஷின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. மரத்தில் பட்டுச் சிதறிய ஒளி வெளியே வரப் பார்க்கும்போது, செங்குத்திலிருந்து 41.8 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் கதிர் முழுவதும் உள்ளேயே திருப்பி அடிக்கப்படுகிறது. எல்லாத் திசைகளிலும் சிதறும் ஒளியைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 60 சதவீதம் வெளியே வராமல் மறுபடி மரத்துக்கே போகிறது. மரம் அதில் ஒரு பங்கை விழுங்கி மிச்சத்தைச் சிதறடிக்கிறது, அதிலும் 60 சதவீதம் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் விழுங்கப்படுவதால், கடைசியில் வெளியே வருவது இருண்ட, செறிந்த நிறம்.

இதை ஒரு சின்னச் சூத்திரத்தில் அடக்கலாம். வெறும் மரத்தின் நிற மதிப்பு 'ம' என்றால், வார்னிஷுக்கு அடியில் அது

ம × 0.4 ÷ (1 − 0.6 × ம)

ஆகும். லீனியர் மதிப்பில்தான் (ஒளியின் அளவுக்கு நேர் விகிதமான எண்ணில்தான்) இந்தக் கணக்கு. சிவப்பு 0.55, பச்சை 0.36, நீலம் 0.20 உள்ள ஒரு பலகையை எடுத்துக்கொண்டால் அவை முறையே 0.33, 0.18, 0.09 ஆகின்றன. ஃபோட்டோஷாப்பில் பார்க்கும் 0–255 அளவில் சொன்னால் 196, 162, 124 என்றிருந்த நிறம் 155, 119, 85 ஆகிறது. நீலத்தைப்போல் சிவப்பு முதலில் 2.75 மடங்கு, இப்போது 3.6 மடங்கு. வெறுமனே 'பிரைட்னெஸ்' குறைத்தால் இந்த விகிதம் மாறாது. அதனால்தான் அப்படி இருட்டாக்கிய மரம் அழுக்குப் படிந்ததுபோல் நிற்கிறது. ஹ்யூ–சாச்சுரேஷன் நோடில் கையால் திருகினால் வெளிறிய ரேகையும் கருத்த ரேகையும் ஒரே அளவில் நகரும். சூத்திரம் ஒவ்வொரு ரேகையையும் அதனதன் அளவில் நகர்த்துகிறது. பிளெண்டரில் வெக்டர் மேத் நோடுகள் நான்கு போதும்: பெருக்கு, பெருக்கு, கழி, வகு.

ஆர்னால்டில் இதே வேலைக்கு 'கோட் அஃபெக்ட் கலர்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஓப்பன்பி.பி.ஆர். என்ற பொது மெட்டீரியல் மாதிரியில் 'கோட் டார்க்கனிங்' என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள். அவை இருந்தால் சூத்திரம் வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் தேக்கு கருங்காலி ஆகிவிடும்.

அதே தவறு வேறு வழியிலும் நுழையும். டெக்ஸ்சர் படம் (மாடலின் மேல் ஒட்டும் மரப் புகைப்படம்) வெறும் இழைத்த பலகையில் எடுத்ததா, ஏற்கெனவே பாலிஷ் போட்ட பலகையில் எடுத்ததா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாலிஷ் போட்டதில் எடுத்திருந்தால் இருட்டு அந்தப் படத்திலேயே இருக்கிறது. நீங்களே படம் எடுப்பதாக இருந்தால் விளக்கின் முன்னால் ஒரு போலரைசர் தாள், லென்ஸில் ஒரு போலரைசர், இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்கே திருப்பி வைத்தால் மேற்பரப்பின் பளபளப்பு அழிந்து அடிநிறம் மட்டும் வரும். பக்கத்தில் ஒரு கலர் செக்கர் அட்டை வைக்காமல் எடுத்த படத்தை நம்ப வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்தில் போனில் எடுத்த பலா, ரெண்டரில் பச்சையடிக்கும்.

வார்னிஷுக்கே ஒரு நிறம் உண்டு. நீரில் கரையும் பி.யூ. (பாலியூரிதேன்) கிட்டத்தட்டத் தெளிவாகவே நிற்கும். எண்ணெய் வார்னிஷ் வைத்திருக்க வைத்திருக்கத் தேன் நிறமாகும். அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ் தொடக்கத்திலேயே செம்பொன். கோட் டின்ட்டில், அதாவது மேற்பூச்சின் நிறப் பெட்டியில், எண்ணெய் வார்னிஷுக்கு 1.0, 0.94, 0.80 என்று தொடங்கிப் பாருங்கள். இந்தப் பெட்டி வெறும் நிறம் பூசுவதில்லை. படலத்துக்குள் ஒளி போகும் தூரத்தையும் கணக்கில் எடுக்கிறது, சாய்வாகப் பார்த்தால் நிறம் அடர்கிறது. அதனால் அடிநிறத்தில் மஞ்சளைக் கலப்பதைவிட இங்கே கலப்பதே நல்லது.

அடித்தளத்தின் சொந்தப் பளபளப்பையும் அணைத்துவிட வேண்டும். காற்றில் நிற்கும் மரத்துக்கு ஒரு மங்கலான மினுக்கம் உண்டு. வார்னிஷ் ஊறியபின் அது போய்விடும். மர நாரின் ஒளிவிலகல் எண்ணும் வார்னிஷின் எண்ணும் ஏறக்குறைய ஒன்று, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒளி அநேகமாகத் திரும்புவதே இல்லை. ஆனால் ஸ்பெகுலர் ஐ.ஓ.ஆர். லெவல் (அடித்தளப் பளபளப்பின் அளவு) 0.5 என்ற இயல்பு மதிப்பிலேயே கிடந்தால், கோட்டுக்கு அடியில் இன்னொரு மங்கலான பளபளப்பு பால்போலப் படர்ந்து நிறத்தை வெளுக்கும். அதைப் பூஜ்யமாக்குங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே படத்தில் ஆழம் கூடுவதைப் பார்க்கலாம்.

நாரின் மினுக்கம்

இனி வருவதுதான் மைக்காவால் ஒருபோதும் செய்ய முடியாத காரியம்.

பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு அடி நகர்ந்தால், மரத்தின் சில பட்டைகள் மெல்ல ஒளிர்ந்து வேறு சில மங்கும். திரும்பி வந்தால் மங்கியவை ஒளிரும். அது மேற்பரப்பின் பிரதிபலிப்பு அல்ல. ஜன்னலின் உருவம் அதில் தெரியவில்லை, நிறமும் வெள்ளையாக இல்லை, மரத்தின் பொன்னிறமாகவே இருக்கிறது. ஈட்டிப் பலகையில் இது இன்னும் துலக்கம். அதன் நார்கள் ஒரு வளையத்தில் வலப்பக்கமும் அடுத்ததில் இடப்பக்கமும் சாய்ந்து பின்னிக் கிடப்பதால், பட்டை பட்டையாக வெளிச்சம் இடம் மாறும்.

இதை அளந்து கணித மாதிரியாக்கியவர்கள் ஸ்டீஃபன் மார்ஷ்னர், ஸ்டீஃபன் வெஸ்டின், ஆடம் ஆர்ப்ரீ, ஜொனாதன் மூன் ஆகியோர். கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டின் 2005 கட்டுரை அது. பாலிஷ் செய்த மரத்தின் தோற்றத்தைப் பற்றியே எழுதப்பட்டது. மரம் என்பது நீண்ட மெல்லிய குழல்களின் கட்டு. ஒவ்வொரு குழலும் தன் அச்சைச் சுற்றி ஒரு கூம்பு வடிவில் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நார் பலகையின் பரப்புக்கு இணையாகக் கிடந்தால் அந்த மினுக்கம் மேற்பரப்புப் பிரதிபலிப்போடு ஒன்றாகக் கலந்துவிடும். நார் சற்றே உள்ளே சாய்ந்தால் மினுக்கம் பிரிந்து தனியாக நிற்கும். கணுவைச் சுற்றி நார் வளைவதால் அங்கே மினுக்கமும் சுழல்கிறது.

அந்த மாதிரியை அப்படியே எழுத பிளெண்டரில் தயார் நோடு இல்லை. ஆனால் நெருங்கிப் போக ஒரு வழி உண்டு. மெட்டாலிக் மதிப்பை 0.2-லிருந்து 0.3 வரை ஏற்றுங்கள். மரத்துக்கு மெட்டாலிக்கா என்று திகைக்க வேண்டாம். மரம் உலோகம் அல்ல என்பது உண்மை. நமக்கு வேண்டியது உலோகத்தின் ஒரு குணம் மட்டும், அதாவது மினுக்கத்துக்கும் அடிநிறமே ஏறுவது. அடித்தள ரஃப்னெஸ் 0.35–0.45, அனிசோட்ராபிக் (மினுக்கத்தை ஒரு திசையில் நீட்டும் அளவு) 0.7. கோட் இதற்கு மேலே தனியாக நிற்பதால் கெடாது.

அனிசோட்ராபிக்கைப் போட்டவுடன் திசையைச் சரிபாருங்கள். ஒளிக்கீற்று நாருக்குக் குறுக்கே நீள வேண்டும், நாரோடு சேர்ந்து நீளக் கூடாது. கூந்தலில் ஒளி விழும்போது வளையம் கூந்தலுக்குக் குறுக்கே வருவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதே நியாயம்தான். தப்பாக இருந்தால் அனிசோட்ராபிக் ரொட்டேஷனை 0.25 ஆக்குங்கள், அது 90 டிகிரி. திசையைச் சொல்லும் டேன்ஜென்ட் நோடை யூ.வி. மேப்பில் (படம் மாடலின் மேல் எப்படி ஒட்ட வேண்டும் என்ற விரிப்பில்) வைக்காமல் விட்டால் கதவின் ஒவ்வொரு சட்டத்திலும் திசை ஒவ்வொன்றாகப் போகும்.

பிறகு சாய்வு. அடித்தள நார்மலை (பரப்பு எந்தத் திசையை நோக்குகிறது என்பதை) மட்டும், நாரின் திசையிலேயே, முன்னும் பின்னும் சில டிகிரி சாய்க்கும் ஒரு மேப் வேண்டும். நாரோடு 10–20 செ.மீ. நீளமும் குறுக்கே 1–2 செ.மீ. அகலமும் உள்ள பட்டைகளாக நீட்டிய நாய்ஸ் (கணக்கால் உண்டாக்கும் ஒழுங்கற்ற கோலம்) போதும். ஈட்டிக்குப் பட்டைகள் நெருக்கமாக, தேக்குக்கு விலகி, மென்மையாக. இதை நோடின் 'நார்மல்' உள்ளீட்டில் செருகுங்கள், 'கோட் நார்மல்' உள்ளீட்டைத் தொடாதீர்கள். இரண்டிலும் செருகினால் கண்ணாடிபோல் இருக்க வேண்டிய மேற்பரப்பு தகரம்போல் நெளிந்துவிடும். பார்க்கிறவர் உடனே கண்டுபிடிக்கும் தவறு இது.

எத்தனை டிகிரி? நிஜத்தில் நார் 5 டிகிரி சாய்ந்தால் படலத்துக்குள் திரும்பும் கதிர் 10 டிகிரி விலகும்; அது வார்னிஷிலிருந்து காற்றுக்கு வரும்போது விலகல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகி 15 டிகிரி ஆகிறது. பிரின்சிபிள்டு நோட் அடித்தளத்துக்கு இந்த விலகலைக் கணக்கிடுவதில்லை. ஆகவே 5 டிகிரி நார்ச்சாய்வு வேண்டுமானால் 7 அல்லது 8 டிகிரி என்று கொடுங்கள். சரியாக வந்ததா என்று நின்ற படத்தில் தெரியாது. கேமராவை 15 டிகிரி சுற்றி 24 ஃபிரேம் ஓட்டிப் பாருங்கள். பட்டைகள் வெளிச்சத்தைக் கைமாற்றிக்கொண்டால் மரம் வந்துவிட்டது.

ரேகை, துளை, அளவு

தேக்கின் வளையத் தொடக்கத்தில் இருக்கும் பெரிய துளைகள் கால் மி.மீ. அளவில் இருக்கும், வெறும் கண்ணுக்கே கோடுகளாகத் தெரியும். இரண்டு மீட்டர் கதவுக்கு ஒரு 4கே படத்தை நீட்டினால் ஒரு பிக்சல் அரை மி.மீ. அதாவது துளையைவிட பிக்சல் பெரிது. கதவு தூரத்தில் நின்றால் பரவாயில்லை. கைப்பிடியோடு சேர்த்து நெருக்கமாக ஒரு ஷாட் வைத்தால் மாவுபோல் குழையும். ஒரு மீட்டருக்கு 8கே என்றால் ஒரு பிக்சல் 0.12 மி.மீ., துளை எட்டிப்பார்க்கும். அவ்வளவு பெரிய படம் தாங்காது என்றால், 20 செ.மீ. பரப்புக்கு ஒரு 2கே துளை மேப்பைத் தனியாகச் செய்து பெரிய நிறப்படத்தின் மேல் பெருக்குங்கள். மேடுபள்ளம் காட்டும் பம்ப் நோடில் டிஸ்டன்ஸ் 0.0001, அதாவது 0.1 மி.மீ. மாடலின் ஸ்கேலை அப்ளை செய்யாமல் விட்டிருந்தால் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

துளைகளை அடித்தள நார்மலில் முழு ஆழத்தோடும், கோட் நார்மலில் பாலிஷைப் பொறுத்தும் வையுங்கள். சீலரும் பட்டியும் போட்டு உப்புத்தாள் தேய்த்து அடைத்த மரத்தில் மேற்பரப்பு சமதளம்; கோட்டுக்குத் துளையே வேண்டாம். இரண்டு கை மட்டும் அடித்த திறந்த துளை பாலிஷில், அதே மேப்பைக் கொஞ்சம் மங்கலாக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் கோட்டிலும் கொடுங்கள். நிற மேப்பைத் தவிர மற்ற எல்லாப் படங்களும் நான்-கலர் (நிறமாக அல்லாமல் வெறும் எண்ணாகப் படிப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். ரஃப்னெஸ் மேப் எஸ்.ஆர்.ஜி.பி. என்று படிக்கப்பட்டால் எல்லாம் தேவைக்கு மேல் பளபளக்கும். டைரக்ட்எக்ஸ் முறை நார்மல் மேப்பில் பச்சைச் சேனலைத் திருப்பாவிட்டால் பள்ளம் மேடாகத் தெரியும்.

ஆசாரி ஒருவர் ரெண்டரைப் பார்த்தால் முதலில் பிடிப்பது வேறு: ரேகையின் திசை. கதவின் நெடுக்குச் சட்டத்தில் ரேகை மேலிருந்து கீழே ஓடும். குறுக்குச் சட்டத்தில் பக்கவாட்டில் ஓடும். ஒரே படத்தைக் கதவு முழுக்க விரித்துவிட்டால் குறுக்குச் சட்டத்தில் ரேகை குட்டையாக, நெடுக்கில் போகும். அப்படி அறுத்த சட்டம் பொருந்தும் இடத்தில் முறிந்துவிடும் என்று கையால் வேலை செய்தவருக்குத் தெரியும். ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு பலகையும் தனித்தனி யூ.வி., தனித்தனி நகர்வு. ஒரே தடியிலிருந்து வந்தவை என்பதால் நிறம் மட்டும் அதிகம் விலகக் கூடாது. வெளிச்சத்தில் 5 சதவீதத்துக்குள் ஆடினால் போதும். ஒவ்வொரு துண்டையும் வேறு வேறு நிறமாக ஆக்கிவிடுவது பழைய பெட்டிப் பலகையை நினைவூட்டும்.

வெட்டுமுகம் தனிக் கதை. மச்சு உத்தரத்தின் முனையில் ரேகை நீளவாக்கில் ஓட முடியாது, வளையங்கள் தெரிய வேண்டும். அங்கே குழல்கள் வாய் திறந்து நிற்பதால் பாலிஷை உறிஞ்சும், நிறம் இன்னும் இருளும், பளபளப்பு குறையும். செதுக்கிய தூண், கடைந்த கைப்பிடி, வளைந்த ஊஞ்சல் கால் போன்றவற்றுக்கு யூ.வி. போடுவதைவிட முப்பரிமாண நாய்ஸால் மரத்தையே உள்ளிருந்து செய்வது மேல். 1985-இல் கென் பெர்லினும் டார்வின் பீச்சியும் தனித்தனியாகக் கொண்டுவந்த திட டெக்ஸ்சர் யோசனை இன்றும் மரத்துக்குப் பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்தவில்லை. ஒரு அச்சிலிருந்து உள்ள தூரத்தை எடுத்து, அதைச் சில மி.மீ. இடைவெளி வளையங்களாக்கி, தூரத்தைக் கொஞ்சம் நாய்ஸால் கோணலாக்குங்கள். மரத்தின் மையம் பொருளுக்கு வெளியே, 10–15 செ.மீ. தள்ளி இருக்கட்டும். செதுக்கிய பூவின் ஒவ்வொரு இதழிலும் ரேகை தானாகவே சரியாக வெட்டுப்படும். பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் (முகப்பு மண்டபத்தின்) மச்சில் 90 பூக்கள் இருக்கின்றன, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அப்படியொரு மச்சுக்கு யூ.வி. விரித்துக்கொண்டு உட்கார முடியாது.

மேற்பூச்சு

இதைச் சீக்கிரம் முடிக்கலாம். கோட் 1.0, ஐ.ஓ.ஆர். (ஒளிவிலகல் எண்) 1.5. ரஃப்னெஸ், முழுப் பளபளப்புக்கு 0.02–0.06, அரைப் பளபளப்புக்கு 0.12–0.2; சாட்டின் என்பதற்கு 0.25–0.35, மங்கலுக்கு 0.4-க்கு மேல். மங்கல் பாலிஷிலும் கோட் 1.0-ஆகவே இருக்கட்டும். கோட்டைக் குறைத்து மங்கலாக்கப் பார்த்தால், பூச்சு பாதி இடத்தில் இல்லை என்றுதான் ரெண்டர் புரிந்துகொள்ளும்.

முழுப் பளபளப்பில் கவனம் வேண்டியது அலை. ஸ்பிரே அடித்த படலத்தில் ஆரஞ்சுத் தோல்போல் மெல்லிய அலை எப்போதும் இருக்கும். அலைநீளம் 5 மி.மீ., உயரம் 5 மைக்ரான் என்று வைத்தால் பரப்பின் சாய்வு 0.4 டிகிரிக்குள் அடங்கும், பிரதிபலிப்பு 0.7 டிகிரி விலகும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஜன்னல் கம்பியின் பிம்பம் அதனால் மூன்று நான்கு செ.மீ. ஆடும். அந்தச் சின்ன ஆட்டம்தான் கண்ணாடிக்கும் வார்னிஷுக்கும் வித்தியாசம். இதைக் கோட் நார்மலில் மட்டும் கொடுங்கள். உயரத்தை 20 மைக்ரானாக்கிப் பார்த்தால் வேலை தெரியாதவர் அடித்த பாலிஷ் வந்துவிடும். பிரஷ்ஷில் அடித்ததென்றால் அலையை ரேகையின் திசையில் நீட்டிவிடுங்கள்.

கூர்முனைகளுக்கு அரை மி.மீ.யிலிருந்து ஒரு மி.மீ. வரை பெவல், அதாவது முனையை மழுக்குவது. இல்லாவிட்டால் முனையில் ஒளி பிடிக்காது. ஈரமாக இருக்கும்போது பரப்பு இழுவிசையால் வார்னிஷ் முனையிலிருந்து விலகும், அங்கே படலம் மெலிந்துவிடும். ஒரு கை காய்ந்தபின் சுமார் 25–50 மைக்ரான். மூன்று கை அடித்த கதவிலும் முனையில் அவ்வளவு தேறாது. பிளெண்டரின் பெவல் நோடை வைத்து முனையைப் பிரித்தெடுத்து, அங்கே மட்டும் கோட் டின்ட்டை வெள்ளைப் பக்கம் நகர்த்தினால் போதும்.

வெளிச்சம்

வார்னிஷ் தன்னைக் காட்டாது, எதிரில் இருப்பதைக் காட்டும். செங்குத்தாகப் பார்த்தால் 4 சதவீத ஒளிதான் திரும்புகிறது. 60 டிகிரி சாய்வில் 9 சதவீதம், 75-ல் 25, 85-ல் 61. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம்மூர் சிட்அவுட்டை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. தலைக்கு மேலே அயனி மச்சு. வாசலில் நின்று பார்க்கிறவருக்கு அருகிலுள்ள பலகைகள் கிட்டத்தட்டச் செங்குத்து, அவற்றில் மரத்தின் நிறம் நிறைவாகத் தெரியும். தூரத்துப் பலகைகளைச் சாய்வாகப் பார்க்கிறோம், அவற்றில் முற்றத்தின் வெளிச்சமும் வாழையின் பச்சையும் ஏறி மரநிறத்தைப் பாதி மறைக்கும். ஒரே மச்சில் இந்த இரண்டும் இருக்க வேண்டும். முற்றத்தில் ஒன்றும் வைக்காமல் சாம்பல் நிற வெற்றுவெளியை விட்டால், தூரத்துப் பலகைகளில் சாம்பலே ஏறும், மச்சு செத்துப்போகும். படத்தில் வராத இடமானாலும் முற்றத்தில் ஒரு வாழை, ஒரு மதில், ஈரமண் நிறத்தில் ஒரு தரை வையுங்கள்.

கதவுக்கு எதிரே பெரிய ஏரியா லைட் ஒன்று போட்டால் வெள்ளைச் செவ்வகம் அப்படியே பிரதிபலித்து ஸ்டுடியோ படமாகிவிடும். அதைவிட, கம்பியும் சட்டமும் உள்ள ஜன்னலை உண்மையாகவே மாடல் செய்து அதன் வழியே ஒளி வரவிடுவது மேல். எச்.டி.ஆர்.ஐ. (சுற்றுப்புற வெளிச்சத்தைத் தரும் படம்) வைத்தால் முழுப் பளபளப்புக்கு 8கே வேண்டும். 2கே படம் பிரதிபலிப்பில் குழைந்து, ரஃப்னெஸ் கூடியதுபோல் ஏமாற்றும். ரெண்டரைத் திரைக்கு மாற்றும் ஏ.ஜி.எக்ஸ். முறை வழியாகப் பார்க்கும்போது வெளிச்சமான இடங்களில் செம்பழுப்பு வெளுக்கும். அதைச் சரிக்கட்ட அடிநிறத்தில் செறிவைக் கூட்டாதீர்கள்; நிழலில் இருக்கும் பகுதி செங்கல் நிறமாகும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் இறக்குவதுதான் மருந்து.

கை படும் இடம்

புதுவீட்டுக் கதவுக்கு இது வேண்டாம். பழைய தறவாட்டு வீட்டையோ பத்து வருஷம் புழங்கிய ஊஞ்சலையோ செய்கிறவர்கள் தேய்மானத்தைக் கண்டபடி தூவிவிடுகிறார்கள். கிரஞ்ச் மேப் ஒன்றை எடுத்து ரஃப்னெஸில் பெருக்கினால் எல்லா இடமும் ஒரேபோல் அழுக்காகும். தேய்மானத்துக்குக் காரணம் வேண்டும், காரணத்துக்கு இடம் உண்டு. கைப்பிடியைச் சுற்றி ஒரு சாண் வட்டத்தில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மங்கல் பாலிஷும் பளபளக்கும், அங்கே கோட் ரஃப்னெஸ் குறையும். வாசற்படியின் நடுவில் படலமே போயிருக்கும், அங்கே கோட் பூஜ்யம், நிறம் சூத்திரத்துக்கு முந்தைய வெளிறிய நிறம், ஸ்பெகுலர் லெவல் மறுபடி 0.5. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையைக் கூர்மையாக வெட்டாமல் ஓரிரு செ.மீ. கரைத்துவிடுங்கள். கதவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மழைச்சாரல் பட்டு வார்னிஷ் வெளுத்திருக்கும். தென்மேற்குப் பருவமழையில் நனையும் வாசலுக்கு இது தப்பாது.

இன்னொன்று, மிகச் சின்னது. சட்டத்துக்குள் செருகிய பலகை காய்ந்து சுருங்கும். அப்போது வார்னிஷ் படாமல் காடிக்குள் மறைந்திருந்த விளிம்பு ஒரு மி.மீ. அளவில் வெளியே வரும். பலகையின் நெடுக்கே, சட்டத்தை ஒட்டி, வெளிறிய ஒரு கோடு. நார் நீளவாக்கில் சுருங்காது என்பதால் மேலும் கீழும் அந்தக் கோடு வராது, இடமும் வலமும் மட்டும். பலகையின் மாடலை இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. ஒடுக்கி, அந்த ஓரத்துக்கு மட்டும் கோட் பூஜ்யமும் வெறும் மர நிறமும் கொடுங்கள்.